ஜன்னலோரம் ஒரு ஜாடிக் காய்

போடியில் ஏலக்காய் விலையை விசாரிக்காமல் யாரும் யாரையும் கடந்து போவதில்லை. சாவு வீட்டில்கூட மாலையைப் போட்டுவிட்டு, "இன்னைக்கு என்ன போச்சு?" என்று கேட்பார்கள். எங்களுக்கு மலையில் இருப்பது ஒரு துண்டுத் தோட்டம்தான். ஆனால் என் வீட்டுக்காரர் விலை பேசுகிறபோது பார்த்தால் அந்த மலையே இவருடையது என்று தோன்றும். காய் விற்ற பணம் என் கைக்கு வந்துவிடும். கடை பாக்கி, பள்ளிக்கூடக் கட்டணம், உரக்காரர், நகைக்கடன் வட்டி என்று அதைப் பிரித்து வைப்பது என் சோலி.

பிள்ளைகள் இரண்டு பேருக்கும் மட்டும் பணம் என்றால் அம்மாவின் கைப்பையில் தானாக முளைப்பது என்ற நினைப்பு. போன பறிப்பு முடிந்ததும் அந்த நினைப்பை மாற்றிவிடுவதென்று முடிவு செய்தேன். உலர்ந்த காயில் ஆளுக்கு ஒரு கிலோ நிறுத்துக் கொடுத்தேன்.

"எப்ப வேணா வித்துக்கங்க. வர்றது உங்க காசு. அதுக்கப்புறம் அடுத்த பறிப்பு வரைக்கும் அது வாங்கிக் குடு, இது வாங்கிக் குடுன்னு எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

பெரியவன் அன்று சாயங்காலமே கமிஷன் கடையில் விற்றுவிட்டு வந்தான். அந்த வாரம் முழுக்கக் கூட்டாளிகளோடு பரோட்டாக் கடையில் இருந்தான். வரவு செலவு அதோடு முடிந்தது. ஒரு வகையில் சுத்தமான கணக்கு, குறை சொல்ல முடியாது.

சின்னவள் அப்பாவின் மகள். ஏழாவது படிக்கிறாள். பஸ் ஸ்டாண்டு பக்கத்து சைக்கிள் கடையில், யாரோ ஓட்டிப் பழசான ஒரு சிவப்பு சைக்கிள் மீது அவளுக்குக் கண். கூடப் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் சைக்கிளில் பறக்க, இவள் மட்டும் பையைச் சுமந்துகொண்டு பின்னால் ஓடுவாள். கடைக்காரர் பொங்கல் வரைக்கும் வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்குமேல் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிடுவாராம். அன்றைய விலைக்கு அவள் காயை விற்றால் சைக்கிளுக்குக் காணாது. ஆகவே விலை ஏறட்டும் என்று காத்திருந்தாள்.

காத்திருப்பதில் தவறில்லை, ஊரே அதைத்தான் செய்கிறது. ஆனால் அவள் காயைக் கொட்டி வைத்தது கண்ணாடி ஜாடியில். அதையும் ஜன்னலோரம், வெயில் விழுகிற இடத்தில் வைத்தாள்.

"கறுப்புக் கவர்ல கட்டி இருட்டுல வையிடி, வெளிச்சம் பட்டா வெளுத்துப் போகும்" என்றேன்.

"கவருக்குள்ள இருந்தா அண்ணன் எடுத்தா எப்படித் தெரியும்? ஜாடின்னா எம்புட்டு இருக்குன்னு பாத்துக்கிறலாம்."

அண்ணனைப் பற்றி அவள் நினைத்ததில் தப்பு சொல்ல முடியாது.

பிறகு அப்பாவும் மகளுமாக வீட்டில் இரண்டு வியாபாரிகள் ஆனார்கள். அப்பாவின் போனில் ஏல விலை வந்ததும் இருவரும் தலையை முட்டிக்கொண்டு பார்ப்பார்கள். "இன்னும் ஏறும் ஆத்தா" என்பார் இவர். "இருப்போம்ப்பா" என்பாள் அவள். வருகிற தோழிகளுக்கெல்லாம் ஜாடியைத் திறந்து காட்டினாள், ஆளுக்கொரு காயும் கொடுத்தாள். பணக்காரர்களுக்குத் தாராள மனசு வேண்டுமே.

பொங்கல் நெருங்கியபோது விலை உண்மையிலேயே ஏறியது. ஜாடியைத் துண்டில் சுற்றி, அப்பாவின் பைக்கில் ராஜகுமாரி மாதிரி ஏறிப் போனாள்.

கமிஷன் கடைக்காரர், "வாங்க மொதலாளி, லோடு எங்க?" என்று வரவேற்றாராம். உள்ளங்கையில் கொட்டிப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். "பாப்பா, காய் வெளுத்திருச்சே. எடையும் கொறையுதே." அவர் சொன்ன விலை அண்ணன் விற்ற அன்றைய விலையைவிடக் குறைவு.

விற்காமல் திரும்பினாள். ஜாடியை மேசைமேல் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். அழவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இவர் கை மெதுவாகச் சட்டைப் பைக்குப் போனது. நான் ஒரு பார்வை பார்த்தேன், கை திரும்பி வந்துவிட்டது. என் கையும் கைப்பையைத் தேடியதை நல்லவேளையாக யாரும் பார்க்கவில்லை. சட்டம் போட்டவளே எப்படி மீறுவது?

மறுநாள் காலை நான் டீ போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள். ஒரு காயைத் தட்டிப் போட்டேன். பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, டீக்குள்ள போனா வெளுத்த காயா, பச்சைக் காயான்னு தெரியுமா?"

"தெரியாது. மணந்தான் முக்கியம்."

அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் காயெல்லாம் சின்னச் சின்னப் பொட்டலம் ஆயின. "பொங்கல்ல போட ஏலக்காய், கலரு கம்மி, மணம் நெறைய" என்று உண்மையைச் சொல்லித்தான், ஆனால் மளிகைக் கடைச் சில்லறை விலைக்கு, தெருவில் விற்றாள். ஞாயிற்றுக்கிழமை என்னை பஸ்சில் இழுத்துக்கொண்டு சிலமலைக்குப் போய், என் பிறந்த வீட்டுத் தெருவையும் விடவில்லை. என் அண்ணன் மனைவியிடம், "சொந்தத்துக்கெல்லாம் விலை குறைக்க முடியாது அத்தை" என்று சொன்னபோது எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. கடைசிப் பொட்டலத்தை எனக்கே விற்றாள். முழு விலைக்கு.

சைக்கிள் வந்தது. காசு கொஞ்சம் குறைந்ததால், பெல்லைக் கழற்றிக்கொண்டு மிச்சத்தைத் தள்ளுபடி செய்வீர்களா என்று பேரம் பேசியிருக்கிறாள். ஆகவே தெருவில் "ஒதுங்கு, ஒதுங்கு!" என்று அவளே கத்திக்கொண்டு ஓட்டினாள்.

பொங்கலன்று பட்டுச் சேலை எடுக்கப் பீரோவைத் திறந்தேன். சேலைகளுக்கு அடியில் இருந்த கறுப்புக் கவரை அவள் பார்த்துவிட்டாள்.

"இது எப்பத்துக் காயி?"

சில வருஷங்களுக்கு முன் மழை விடாமல் அடித்து, தோட்டம் அழுகிப் போனது. என் தாலிச் சங்கிலி அடகுக்குப் போனது. அதற்கடுத்த பறிப்பில் எடுத்து ஒளித்து வைத்த காய் அது. எத்தனையோ நல்ல விலை வந்து போனது. எதற்கும் விற்க எனக்கு மனசு வரவில்லை. அது அங்கே இருக்கிறது என்று நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வந்தது.

"ஆத்திர அவசரத்துக்கு வச்சிருக்கேன்" என்றேன்.

கவரைப் பிரித்து மோந்து பார்த்தாள். ஒன்றை எடுத்துக் கடித்தாள். "மணமே இல்லையேம்மா. அவசரம் வந்திருந்தா இத எவன் வாங்கியிருப்பான்?"

நான் சேலை மடிப்பைச் சரிசெய்வதுபோல் திரும்பிக்கொண்டேன்.

பொங்கல் கழிந்து கமிஷன் கடை திறந்த அன்று, "வெரசா வா, இருக்கிற நெறமும் போயிறப் போகுது" என்று சைக்கிள் கேரியரில் என்னை ஏறச் சொன்னாள். வாசலில் நின்ற இவர், "ரெண்டு பேரும் எங்க கெளம்பிட்டீக?" என்றார். "லோடு எறக்கப் போறோம்ப்பா" என்றாள்.

தெரு முனைப் பள்ளத்தில் சைக்கிள் ஆடியது. நான் கவரை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

"அம்மா, காயை விடு" என்று கத்தினாள். "என்னையப் பிடிச்சுக்க."