சாட்டு கேட்ட ராத்திரி

கருமத்தம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஜில்லா போர்டு பெண்கள் பள்ளிக்கூடத்தில் எனக்கு முதல் வேலை. சேர்ந்த அன்று ஊர்ப் பெண்கள் வாசலில் நின்று என் செருப்பையும் கைக்கடிகாரத்தையும் பார்த்துவிட்டுப் போனார்கள். பால் வரும், கீரை வரும். கொண்டு வருகிறவர் நிலைப்படிக்கு வெளியே வைத்துவிட்டுத் திரும்பிவிடுவார். மரியாதைக்குக் குறைவில்லை. பொழுது சாய்ந்தால் பேச ஆள் இல்லை. இரண்டு வருஷம் அப்படியே போயிற்று.

எங்கள் ஊர் அவிநாசியிலிருந்து இரண்டு மைல். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன் யாரும் கையெழுத்துப் போட்டதில்லை. கோயமுத்தூர் விடுதியில் நான் படித்த காலம் முழுவதும், லீவுக்கு வந்து போகும்போதெல்லாம் சந்தைக்குப் போகும் வண்டிகளில் ஊரார் முறை வைத்து என்னை ஏற்றிக்கொண்டு போனார்கள். வேலையில் சேர்ந்த மூன்றாம் வருஷம் அப்பா ஆள் வைத்து எழுதி ஒரு கடிதம் போட்டார்: ஊர்த் திருவிழாவான மாரியம்மன் நோம்பிக்கு முதல் மாவிளக்கை நான் எடுக்க வேண்டுமென்று ஊர்க்கூட்டத்தில் பேசி முடித்திருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் நின்று நன்றி சொல்ல வேண்டும் என்று எனக்குள் ஒரு ஆசை. லீவு லெட்டர் கொடுத்தேன், கிடைத்தது.

சனிக்கிழமை விடியற்காலை பெட்டியோடு பஸ்ஸுக்கு நடந்தேன். என்னிடம் இரண்டாம் வகுப்புப் படிக்கும் சின்னப்பொண்ணின் தாய் நாச்சம்மாள் வழியில் மறித்தாள்.

"ஏனுங்க டீச்சரம்மா, பெட்டியத் தூக்கிட்டு எங்கீங்க?"

"எங்கூர் நோம்பிக்குங்க. நாலு நாள்ல வந்துருவேன்."

"நல்லாருக்குதுங்க போங்க! முந்தாநாத்து ராத்திரிதான நம்மூர்ல சாட்டுனாங்க. தப்பட்டை உங்க காதுல உழுகுலீங்களா?"

கேட்டது. அந்த வழக்கமும் எனக்குத் தெரியும். எங்கள் ஊரிலும் அதுதான். தப்பட்டைப் பறையடித்து நோம்பியை அறிவிப்பதுதான் சாட்டு. சாட்டும் ராத்திரி ஊருக்குள் இருக்கிறவர்கள், நோம்பி முடிகிற வரையில் பொழுது சாய்ந்தபின் வெளியூரில் தங்கக் கூடாது. வெளியூரில் வேலை உள்ளவர்கள் சாட்டுவதற்கு முன்னதாகவே வெளியேறிவிடுவார்கள். படுத்தபடியே தப்பட்டையைக் கேட்ட நான், அது இந்த ஊர்க்காரர்களுக்கு என்று நினைத்துத் தூங்கிவிட்டேன்.

"நான் வெளியூராளுங்க அக்கா."

"அதெப்படிங்க? உங்களையுஞ் சேத்தித்தானுங்க சாட்டுனது. நாளைக்கு ஒரு புள்ளைக்கு அம்மை வாத்துப்போட்டா, டீச்சரம்மா வெளிய தங்குனதாலதான்னு பேசுவாங்க. அப்பறம் எந்தூட்டுலீங்க பொண்ண அனுப்புவாங்க?"

பள்ளிக்கூடத்தில் இருபத்தெட்டுப் பெண்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் நடந்து நடந்து சேர்த்தவர்கள். பெட்டியை அறையில் வைத்துவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறினேன். பொழுது சாய்வதற்குள் திரும்பினால் குற்றமில்லை. ஆனால் எங்கள் ஊரில் மாவிளக்குப் புறப்படுவது அன்று விளக்கு வைத்த பிறகு.

அப்பா வாசலில் காத்திருந்தார். சாட்டைப் பற்றியும், பொழுதோடு திரும்ப வேண்டும் என்றும் சொன்னேன்.

"அந்தூர்லயும் உனக்குத்தான் மொத வௌக்கா?"

"இல்லீங்கப்பா. அங்க என்னைய ஆரும் கூப்புடவே இல்லீங்க."

"அப்பறம் என்னத்துக்கு ஓடறே?"

"புள்ளைகளை நிறுத்திப்போடுவாங்கப்பா."

அதற்குள் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். என்னை அதிக முறை வண்டியில் ஏற்றிப்போன மாரப்ப மாமன் சிரித்தார். "படிக்க வெச்சது நாங்க, கட்டிப்போட்டது அவங்களா! நல்ல நாயமுங்க!" எல்லோரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த நன்றியில் ஒரு சொல்கூட வாயில் வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மாமனே மாட்டைப் பூட்டினார். "ஏறு கண்ணு. உன்ற படிப்புக்கு வண்டி கட்டுனவங்க, உன்ற வேலைக்குக் கட்ட மாட்டமா?"

வண்டி கோயிலைத் தாண்டும்போது பெண்கள் மாவு இடித்துக்கொண்டிருந்தார்கள். என் சித்தப்பா மகள் புதுச்சேலையில் நின்றாள். முதல் விளக்கு அவளுக்குப் போயிருந்தது. கை அசைத்தாள். நானும் அசைத்தேன்.

இருட்டுவதற்குள் வந்து சேர்ந்தேன். நாச்சம்மாள் தன் வாசலிலிருந்து எட்டிப் பார்த்து, "வந்துட்டீங்களா, செரிங்க" என்று உள்ளே போய்விட்டாள். அவ்வளவுதான். ஊரெல்லாம் கோயிலில் இருந்தது. நான் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பிடி சோறு வடித்துச் சாப்பிட்டேன்.

இப்போது டிரெயினிங் முடித்து வெளியூருக்குப் போகும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். உங்களை யாரும் தின்பண்டத்தோடு வந்து அழைக்காத ஊரிலும் உங்களைக் கணக்கில் சேர்த்திருப்பார்கள். தப்பட்டை கேட்டால் எழுந்து போய் விசாரியுங்கள்.

நோம்பி முடிந்து பள்ளி திறந்த அன்று ரிஜிஸ்தரை எடுத்துப் பெயர் கூப்பிட்டேன். இருபத்தெட்டுப் பேரும் வந்திருந்தார்கள்.