தலையைத் தூக்காதவள்

என் தங்கைக்கு எதுவுமே எனக்கு முந்தித்தான் நடக்கும். இருவருமே சின்ன வயதிலிருந்து சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவர்கள். ஜலகண்டாபுரத்தில் அண்ணன் தம்பிக்கே வாழ்க்கைப்பட்டு, அடுத்தடுத்த வீட்டில் ஆளுக்கொரு தையல் மிஷின் போட்டுச் சேலைக்கு ஃபால்ஸ் அடிக்கிறோம். போன வருடம் அவளுக்கு ஒரு கண்ணில் விழித்திரை விலகியது. இந்த வருடம் எனக்கு.

சேலத்தில் அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டர். ஆபரேஷன் செய்து கண்ணுக்குள் வாயுவை நிரப்பிவிடுவார்கள். அது விழித்திரையை அழுத்தி ஒட்டவைக்கும்வரை குப்புறவே படுத்திருக்க வேண்டும், தலையைத் தூக்கக் கூடாது. தங்கை சொன்னபடியே படுத்தாள். பார்க்கப் போன சொந்தக்காரர் யாருக்கும் அசையவில்லை. தலையணைக்குள்ளிருந்தே "வாங்க" என்றாள்.

எங்கள் பக்கம், வந்தவர்களை முகம் பார்த்து வாங்க என்று சொல்லாவிட்டால் ஊரெல்லாம் பேச்சாகிவிடும். ஆனது. "மூஞ்சியக்கூடக் காட்டலைங்க, அத்தனை ராங்கி" என்று மாமியாரின் தங்கை என்னிடமே வந்து சொன்னார். நான் மறுத்துப் பேசவில்லை. உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

பிறகு என் முறை வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்த அன்றைக்கே ஆப்பிளும் ரொட்டியுமாக ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒவ்வொருவருக்கும் எழுந்து உட்கார்ந்தேன். "வாங்க, உக்காருங்க. காப்பி குடிச்சுட்டுத்தான் போகோணும்." மாமியாரின் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன இருந்தாலும் பெரியவ பெரியவதான் சாமி" என்றார். காது குளிரக் கேட்டேன். இன்னொரு தடவை சொல்வார் என்றால் இன்னொரு தடவையும் எழுந்திருப்பேன்.

எல்லோரும் போன பிறகு தங்கை வந்தாள். நாற்காலியில் உட்காரவில்லை. மறுபடி குப்புறப் படுத்து, கட்டில் விளிம்பில் நான் முகத்தைத் தொங்கப்போட்டிருந்த இடத்துக்கு நேர் கீழே, வெறுந்தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"ஏந்திரிக்காதக்கா. இப்படியே பேசலாம். வர்றவங்க என்னமோ சொல்லிட்டுப் போறாங்க, கண்ணு உன்னுது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பார்வையைப் பத்திரமாக மீட்டு வைத்துக்கொண்டு எனக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டாள். வேண்டுமென்றே எழுந்து உட்கார்ந்தேன்.

"வா," என்றேன். "காப்பி குடிக்கிறயா?"

விழித்திரை ஒட்டிக்கொண்டது. ஆனால் பழைய இடத்தில் இல்லை, கொஞ்சம் நழுவி ஒட்டியிருக்கிறது என்றார் டாக்டர். தலையைத் தூக்கியதாலா என்று கேட்டேன். "இருக்கலாம்மா" என்று மட்டும் சொன்னார். அந்தக் கண்ணால் பார்த்தால் கதவு நிலை நடுவில் வளைகிறது. இரண்டு கண்ணையும் திறந்தால் எல்லாமே இரண்டு இரண்டாகத் தெரிகிறது. நான் அடித்த தையல் சேலைக் கரையைவிட்டு எங்கோ ஓட, சேலை கொடுத்திருந்த ஒருத்தி பிரித்துக் காட்டிவிட்டுப் போனாள். இப்போது எனக்கு வரவேண்டிய சேலைகளும் பக்கத்து வீட்டுக்கே போகின்றன. சுவருக்கு அந்தப்புறம் அவள் மிஷின் ஓடும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. எரியாமல் என்ன செய்யும்?

நேற்று மத்தியானம் எனக்குப் பிடிக்குமே என்று கத்தரிக்காய்க் குழம்பு கொண்டுவந்தாள். வாசலில், ஒருத்திமேல் ஒருத்தி பாதி ஏறி நிற்பதுபோல இரண்டு தங்கைகள் தெரிந்தார்கள். இத்தனை வருடமாக எனக்கு ஒருத்தியையே தாங்க முடியவில்லை.