சண்முகத்தின் கூலிங் கிளாஸ்

இப்போது தயாரிப்பே நின்றுபோன, விலை உயர்ந்த பழைய மெட்டல் ஃப்ரேம் கூலிங் கிளாஸ்களைச் சேர்ப்பது என் பைத்தியம். "இருக்கறது ரெண்டு கண்ணு, கண்ணாடி மட்டும் பதிமூணா?" என்று என் மனைவி கேலி செய்வாள்.

நாச்சாரம் ஃபேக்டரியில் என்னோடு வேலை பார்த்த சண்முகத்திடம் தங்க முலாம் பூசிய ஒன்று இருந்தது. எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். "நக்கோ பாய், இது என் முகத்தோட பொறந்தது" என்று அந்த ஊர் உருதுவில் வேண்டாமென்று சிரித்தே மறுத்துவிடுவான். போன வருஷம் மாரடைப்பில் திடீரென்று போய்விட்டான்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு லோத்குண்டாவில் அவன் வீட்டுக்குப் போனேன். அவனுக்குப் பிடித்ததையெல்லாம் படத்தின் முன் படைத்திருந்தார்கள். லட்டுக்கும் வெற்றிலைக்கும் நடுவில் அந்தக் கண்ணாடி. எல்லோரும் சாப்பிடப் போனதும், முருகா, என் கை சும்மா இருக்கவில்லை. அதை எடுத்து, காதுக் கம்பியில் பொறித்த நம்பர் ஒரிஜினல்தானா என்று கண்ணருகே வைத்துத் தடவிப் பார்த்தேன்.

பின்னால் விசும்பல் கேட்டது. அவன் மனைவி மல்லிகா.

"அண்ணே, எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்க. நீங்க மட்டும் அவர் முகத்தையே தடவுற மாதிரி நிக்கிறீங்களே. நீங்களே வச்சுக்கங்கண்ணே."

"இல்லம்மா, நான்..." என்றேன். ஆனால் கையிலிருந்த கண்ணாடியோடு வந்துவிட்டேன்.

அதை மற்ற பதிமூன்றோடு வைக்க இன்றுவரை மனம் வரவில்லை. செவ்வாய்க்கிழமை தோறும் முருகன் முன்னால் நிற்கும்போது, போய் உண்மையைச் சொல் என்கிறது மனசு. சொன்னால், தன் புருஷனுக்காக ஒருவனாவது உருகி நின்றான் என்ற அவள் ஆறுதலையும் அல்லவா எடுத்துக்கொண்டவன் ஆவேன்?