பாஞ்சாலியின் வரட்டிச் சுவர்

திண்டிவனத்தில் மரக்காணம் போகிற சாலையில் பாஞ்சாலியின் வீடு சின்னதுதான். அதன் பக்கச் சுவர்தான் நீளம். அனந்தபுரத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த நாள்முதல் அவள் அந்தச் சுவரில் வரட்டி தட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு எருமைகள் போடுகிற சாணிக்கு அந்த இடம் சரியாக இருந்தது. அவள் புருஷன் மாசிலாமணி மல்லாட்டை உடைத்துக் கடலை எடுக்கிற மில்லில் மூட்டை தூக்குகிறவர். வாயைத் திறக்காத மனுஷர். அவர் பேசவேண்டியதையும் சேர்த்துப் பாஞ்சாலியே பேசிவிடுவாள். இருவருக்கும் எழுத்து வாசனை கிடையாது.

ஐம்பத்தொன்பதில் முனிசிபல் எலெக்ஷன் வந்தது. அவர்கள் வார்டில் அரிசி மண்டி தேவநாதனும் பழைய கான்ட்ராக்டர் பச்சைமுத்துவும் நின்றார்கள். பாஞ்சாலி ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பியபோது வரட்டியெல்லாம் பெயர்ந்து ஓரமாகக் குவிந்து கிடந்தது. சுவர் பளிச்சென்று சுண்ணாம்பு பூசிக்கொண்டு, நீல எழுத்தோடு நின்றது.

"எவன்டா என் வரட்டியப் பேத்தவன்?" என்று தெருவே கேட்கக் கத்தினாள். விடிந்ததும் வழக்கம்போல் சாணியை உருட்டித் தட்ட ஆரம்பித்தாள். சுவர் யார் சுவர்?

'தேவநாதன் பொய் சொல்லாதவர்' என்று எழுதியிருந்தது. பாஞ்சாலி தட்டிய வரட்டி ஒன்று 'லாத' என்ற இரண்டு எழுத்தின் மேல் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. மீதியைச் சேர்த்துப் படித்தால், 'தேவநாதன் பொய் சொல்வர்'.

முதலில் ஒரு பஸ் டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டுச் சிரித்தார். பிறகு பஸ்ஸே சிரித்தது. மத்தியானத்துக்குள் ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. சாயந்திரம் தேவநாதன் நேரில் வந்தார்.

"ஏம்மா, உன்னை யார் ஏவி விட்டது? பச்சைமுத்துவா?"

"எருமைதாங்க. அது போடுது, நான் தட்டறேன்."

"சொவத்துல இப்ப என்னா எழுதியிருக்குதுன்னு தெரியுமா?"

"தெரியாதுங்க. நீங்கதான் சொல்லுங்களேன்."

தேவநாதன் சுவரைப் பார்த்தார். கூடியிருந்த கூட்டத்தைப் பார்த்தார். "அதை என் வாயாலயே சொல்லணுமா?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

பெரிய மனுஷர் வாயால் சொல்லக் கூசுகிறார் என்றால் அது ஏதோ அசிங்கமான கெட்ட வார்த்தைதான் என்று பாஞ்சாலி முடிவு கட்டினாள். மறுநாள் முழுக்க முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டுதான் தண்ணீருக்குப் போனாள்.

பச்சைமுத்துவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஊர் மொத்தமும் பார்க்கிற சுவரில் தன் பேரும் இருக்கட்டும் என்று பெயின்டர் பூமாலையை அனுப்பினார். பூமாலை மிச்சமிருந்த இடத்தில் சிவப்பில் எழுதினார்: 'பச்சைமுத்து ஏழைகளைத் தள்ளாதவர்'.

மறுநாள் காலை நாலு வரட்டி வரிசையாக 'ஏழைகளைத்' என்ற எழுத்துகளை மூடின. 'பச்சைமுத்து தள்ளாதவர்' என்று மட்டும் நின்றது. மீசைக்கு மை தடவிக்கொண்டு, வயது ஐம்பதைத் தாண்டவில்லை என்று சத்தியம் செய்துவந்த மனுஷர் அவர். தள்ளாத கிழவரை வீட்டுக்கு அழைத்துப் போங்கள் என்று பொடிப்பயல்கள்கூடக் கேலி செய்தார்கள்.

இந்த முறை இருவரும் பூமாலையையும் கூட்டிக்கொண்டு சேர்ந்தே வந்தார்கள். எலெக்ஷனில் அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் இதுதான். மாசிலாமணி எருமைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

நல்ல வேளையாக விழுப்புரத்தில் கட்டிக்கொடுத்த மகள் அம்சா அன்று வந்திருந்தாள். ஐந்தாவது வரை படித்தவள். சுவரைப் பார்த்ததும் உரக்கப் படித்தாள், தாயாருக்கு விளக்கினாள். பாஞ்சாலிக்கு முதலில் நிம்மதி வந்தது, கெட்ட வார்த்தை இல்லையே என்று. அப்புறம் சிரிப்பு வந்தது. சாணிக் கையோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பச்சைமுத்துவின் மீசையைப் பார்த்துவிட்டு மறுபடியும் சிரித்தாள்.

"சிரிக்காதம்மா! வரட்டிய எடு!" என்றார் பச்சைமுத்து.

பாஞ்சாலி சிரிப்பை நிறுத்தினாள். "எழுதறதுக்கு முன்ன என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? பூமாலை, நீ கேட்டியா?"

பூமாலை தலையைச் சொறிந்தார். "இல்லக்கா."

"இப்பக் கேளு."

"யக்கா... எழுதலாமா?"

"எழுதிக்கோ. என் கை எட்டற வரைக்கும் எனக்கு. அதுக்கு மேல உங்களுக்கு."

அன்றே பூமாலை ஏணி கொண்டுவந்து இருவரின் பெயரையும் உயரே கூரையை ஒட்டி எழுதினார். இதைப் பார்த்த மற்ற பெண்களும் அதே சட்டம் பேசினார்கள். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்துத் தெருக்களில் எந்தக் கட்சி எழுதினாலும் ஏணி இல்லாமல் எழுத முடியவில்லை. திண்டிவனத்துக்காரர்கள் அண்ணாந்து பார்த்தேதான் ஓட்டுப் போடுவார்களோ என்று வெளியூர்க்காரர்கள் கேட்டார்கள்.

தேவநாதன்தான் ஜெயித்தார்.

அடுத்த எலெக்ஷனுக்குள் பாஞ்சாலிக்கு இன்னொரு பழக்கமும் வந்திருந்தது. ஏணி சாத்துமுன் என்ன எழுதப்போகிறார்கள் என்று படித்துக் காட்டவேண்டும். பூமாலை தேவநாதனுக்காக வந்து காகிதத்தைப் பிரித்தார்.

"'சொன்னதைச் செய்தவர்', யக்கா."

"தெருக் கொழாய் போடறேன்னாரே, வந்துச்சா?"

"இல்லக்கா."

"அப்ப ஏணியத் தூக்கு."

பூமாலை ஏணியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அங்கே வாசலில் நின்ற சவுரியம்மாளும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "படி, கேப்போம்" என்றாள்.