கட்டக் கூடாத பிள்ளை

என் மகனை முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "எலே மக்கா, உறக்கம் வருதா?"

அவனுக்கு உறக்கம் ஒன்றும் வரவில்லை. இடது கண் இமை பாதிதான் திறக்கும். அதற்கு மேலே, புருவத்தை இரண்டாக வெட்டிக்கொண்டு ஒரு தழும்பு. நான்கு வயதாகிறது. இப்போது அவனே பதில் சொல்லப் பழகிவிட்டான். "உறக்கம் இல்ல, இது இப்படியாக்கும்." கேட்டவர்கள் சிரிப்பார்கள்.

நான் நர்ஸ். பாறசாலையில் பஸ் பிடித்துத் திருவனந்தபுரம் போய், ஓர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் வேலை பார்க்கிறவள். காரில் அம்மாவின் மடியிலிருந்து தெறித்து விழுந்த பிள்ளைகளை இந்தக் கையால் வாங்கியிருக்கிறேன். அதனால் ஏழாம் மாதத்தில், மற்றப் பெண்கள் மாங்காய் கேட்கிற நேரத்தில், நான் கார் சீட் கேட்டேன். யாரும் வாங்கித் தரவில்லை, நானே வாங்கினேன். பின்சீட்டில் பின்பக்கம் பார்த்து மாட்டுகிற சீட் அது. தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, காலுக்கு நடுவே ஒன்று என்று பட்டைகள், எல்லாம் வந்து சேர, அழுத்தினால் விடுபடுகிற ஒரு கொக்கி.

மாமியார் அதைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

"பச்சப் பிள்ளைய கெட்டிப் போட்டா கொண்டு போவிய? சவத்தையாக்கும் கெட்டிக் கொண்டு போறது!"

எங்கள் பக்கத்தில் செத்தவர்களின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டுவார்கள், தாடையைக் கட்டுவார்கள். பட்டையைப் பார்த்ததும் மாமிக்கு அதுதான் ஞாபகம் வந்திருக்கிறது. ஆனால் பிள்ளை பிறந்த இருபத்தெட்டாம் நாள், அவன் இடுப்பில் கறுப்புக் கயிறு கட்டியவரும் இதே மாமிதான். அந்தச் சடங்குக்குப் பெயரே இருபத்தெட்டுக் கெட்டு. "இனி ஒரு கண்ணேறும் தட்டாது" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். கயிறு கட்டினால் காப்பு, பெல்ட் கட்டினால் சாவு. என்ன நியாயமோ!

என் கணவருக்கு அந்த நேரத்தில் மட்டும் வாயில் கொழுக்கட்டை. அப்புறம் தனியாக வந்து, "அம்மைக்கு சங்கடம் வரண்டாம், நீ கொஞ்சம் விட்டுக் கொடு" என்பார். நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஒவ்வொரு முறையும் சண்டை போட்டுத்தான் பிள்ளையை அந்தச் சீட்டில் உட்கார்த்தினேன். ஒரே ஒரு நாள் தவிர.

அன்று சோறூட்டு. ஆறாம் மாதம், பிள்ளைக்கு முதல் சோறு. ஆரியங்கோட்டுப் பக்கம் மாமியின் குடும்பக் கோயிலில் வைத்துக் கொடுத்தோம். திரும்பும்போது கார் வெயிலில் கிடந்து வெந்துபோயிருந்தது. கொக்கியைத் தொட்டேன், சுட்டது. துவர்த்துத் துண்டை நனைத்துத் துடைத்து, அதையே மடித்துப் பிள்ளைக்கு அடியில் விரித்தேன். அப்படியும் கிடத்தியவுடன் வீரிட்டான். அவனுக்கு உடுத்தியிருந்த ஜரிகை முண்டு பட்டைக்கு அடியில் சுருண்டு தொடையை அறுத்தது. முண்டை அவிழ்த்துவிட்டு, பட்டையைக் கொஞ்சம் சரிசெய்திருந்தால் இரண்டு நிமிடத்தில் அடங்கியிருப்பான். எனக்குத் தெரியும். மற்ற அம்மாமாருக்கு நான் சொல்லிக் கொடுக்கிறதே அதுதான்.

முன்சீட்டில் ஏறப்போன மாமி திரும்பி வந்தார். "இன்னைக்கு நல்ல நாளாக்கும். இன்னைக்காவது கெட்டாதே மோளே. இங்க கிடக்க வீட்டுக்குத்தானே போறோம்?"

உறவுக்காரர்கள் காரைச் சுற்றி நின்றார்கள். ஒருத்தி உச்சுக் கொட்டினாள். பிள்ளை கத்திக்கொண்டே இருந்தான். நான் கொக்கியை அழுத்தினேன். மாமி அழுத்தவில்லை, கணவர் அழுத்தவில்லை. என் கட்டைவிரல்தான் அழுத்தியது.

மடிக்கு வந்ததும் அழுகை நின்றது. "பாத்தியா?" என்றார் மாமி.

அந்த நேரத்தில் கணவர் தூக்குவாளி நிறைய பாயசத்தோடு வந்தார். எங்கே வைப்பது என்று பார்த்தவர், காலியாகக் கிடந்த பிள்ளையின் சீட்டில் வைத்தார். "சரிஞ்சா காரு நாசமாவும்" என்று பட்டைகளை இழுத்து, வாளியைச் சுற்றி இறுக்கி, கொக்கியை மாட்டினார். ஒரு தடவை ஆட்டியும் பார்த்தார். பிள்ளைக்கு ஒரு நாளும் அவர் அப்படி ஆட்டிப் பார்த்ததில்லை.

"இப்பமாவது இதுக்கொரு உபயோகம் உண்டே" என்று மாமி சிரித்தார். நானும் சிரித்தேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் என் வாயிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

ரப்பர் தோட்டத்துக்கு நடுவே இறக்கம். பக்கத்துச் சின்ன இடவழியிலிருந்து ஓர் ஆட்டோ சட்டென்று குறுக்கே வந்தது. கணவர் பிரேக்கை மிதித்தார். ஆட்டோவில் இடிக்கக்கூட இல்லை, கார் நின்றுவிட்டது. நான் பிள்ளையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கையில் வெறும் முண்டுதான் இருந்தது. அவன் இரண்டு முன்சீட்டுக்கும் நடுவே போய் கியரில் முட்டிக் கிடந்தான்.

பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வராந்தாவில் மாமி, "ஆரோ கண்ணு வச்சாச்சு" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். உள்ளே ஒரு சின்ன வயசு டாக்டர் தையல் போட்டாள். நான் அவன் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் வேலையே அதுதானே. கணவர் சுவரோடு சாய்ந்து நின்றார்.

டாக்டர் தலை நிமிராமல் மலையாளத்தில் கேட்டாள். "கார் சீட் இல்லே?"

இதே கேள்வியை நான் எத்தனை அம்மாமாரிடம், எவ்வளவு எரிச்சலோடு கேட்டிருக்கிறேன்!

"உண்டு" என்றேன்.

அவள் கை நின்றது. அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள். "பின்னே, அதில் ஆரா இருந்தது?"

கணவர் தரையைப் பார்த்தார்.

"பாயசம்" என்றேன்.

அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது. மறுபடியும் கேட்டாள். நான் மறுபடியும் சொன்னேன்.