கையால் திரும்பிய ரத்தம்

அந்த மருத்துவமனையில் டயாலிசிஸ் அறையைப் பார்த்துக்கொண்டவளுக்குச் ‘சக்கரக்காரி’ என்றே பெயர் விழுந்துவிட்டது. கரண்ட் நின்றுபோனால் ரத்தத்தைச் சுற்ற வைக்க இயந்திரத்தில் ஒரு சின்னக் கைப்பிடி உண்டு. நோயாளிகளுக்குத் துணையாக வருபவர்களை விடாமல் பிடித்து, அதைச் சுற்றப் பழக்குவாள். வருஷத்துக்கு ஒரு புயலாவது எட்டிப் பார்க்கும் ஊர்தான். இருந்தும் வேலையற்ற வேலை என்று சிரித்தவர்களே அதிகம். அங்கே வந்த நோயாளிகளில் ஒருவரான தையல்காரரின் மனைவி சிரிக்கவில்லை. பயமாக இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் நழுவிவிடுவாள்.

அன்று சொன்ன நேரத்துக்கு முன்பே புயல் வந்துவிட்டது. நான்கு கட்டிலிலும் ஆள். பகல் இரண்டு மணிக்கு விளக்குகள் அணைந்தன. கீழ்த்தளத்து ஜெனரேட்டர் மூழ்கிவிட்டதாகக் காவலாளி மாடியேறி வந்து சொன்னார். குழாயில் நிற்கும் ரத்தம் உறைவதற்குள் உடம்புக்குள் போயாக வேண்டும்.

மூன்று கட்டில்களில் துணைக்கு வந்தவர்கள் கைப்பிடியைப் பிடித்துவிட்டார்கள். நான்காவதில் தையல்காரர். அவர் மனைவி சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள். ரத்தத்தைப் பின்னாலிருந்து தள்ளும் உப்புநீர்ப் பைகளைத் திறந்துவிடுவதும், குழாயில் காற்றுக்குமிழி வருகிறதா என்று பார்ப்பதுமாகச் சக்கரக்காரிக்கு இரண்டு கை போதவில்லை.

“என்னால ஆகாதும்மா,” என்றாள் தையல்காரரின் மனைவி.

“அவரோட தையல் மிஷினை நீங்க சுத்தினதே இல்லையாக்கா? அதே கைதான். மெதுவா.”

தயங்கித் தயங்கித்தான் தொடங்கினாள். பிறகு கை தானாகச் சுற்றியது. ஜன்னலில் வழிந்த மழையின் நிழல் சுவரெல்லாம் நெளிந்தது. அறையே ஆற்றுக்கு அடியில் இறங்கிவிட்டதுபோல இருந்தது. நான்கு கைகள் சுற்றின. நான்கு சிவப்புக் கோடுகள் மெல்ல நகர்ந்து, வெளிறி, கடைசியில் தண்ணீராய்த் தெளிந்தன. எவ்வளவு நேரம் ஆனது என்று பின்னால் கேட்டபோது ஆளுக்கொன்று சொன்னார்கள்.

தையல்காரர் அரைத்தூக்கத்தில், “துணி முடிஞ்சுதா?” என்றார்.

“முடிஞ்சுது. தூங்குங்க,” என்றாள் மனைவி.

ஊசிகளையெல்லாம் உருவி முடித்த பிறகுதான் சக்கரக்காரி தரையில் உட்கார்ந்தாள்.

மறுநாள் நோயாளிகள் நால்வரையும் படகில் ஏற்றி, மேட்டிலிருந்த இன்னொரு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். கோடைக்குள் ஜெனரேட்டர் மொட்டைமாடிக்குப் போனது. பெரிய டாக்டர் அவளைக் கூப்பிட்டு, இன்னும் என்ன வேண்டும் என்று கேட்டார். இந்த இயந்திரங்கள் கரண்டைவிடத் தண்ணீரைத்தான் அதிகம் குடிக்கும், மேலே ஒரு பெரிய தொட்டி வேண்டும் என்றாள்.

தொட்டி நிரம்பிய அன்று அதன்மேல் காதை வைத்து, உள்ளே நீர் அசைவதைக் கேட்டபடி வெகுநேரம் நின்றாளாம். கீழேயிருந்து இரண்டு முறை கூப்பிட்டும் அவளுக்குக் கேட்கவில்லை.