வளர்மதி கேட்ட நீள லைட்டர்

"மேகலாக்கா, நீளமான லைட்டர் இருக்கா? பத்த வைக்கிறப்ப குப்புனு மூஞ்சிக்கு வருது."

போலகத்திலிருந்து எங்கள் கடை வாடிக்கைக்காரி வளர்மதி போனில் இப்படிக் கேட்டபோது நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? காரைக்கால் பாத்திரக்கடையில் இருபத்திரண்டு வருஷம் நின்றவள் நான். அடுப்பு, டியூப், ரெகுலேட்டர் எல்லாம் விற்றுப் பழகினவள். ஆனால் நான் சொன்னது, "இருக்குங்க, எடுத்து வைக்கிறேன்." அவ்வளவுதான்.

இங்கே இப்போது புது வீடு கட்டுகிறவர்கள் பாதிப்பேர் கொல்லையில் ஷீட் போட்டு ஒரு வெளிக் கிச்சனும் கட்டிவிடுகிறார்கள். அதற்குச் சாமான் விற்க வந்திருக்கிற புதுப் பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இதில் என் பெருமை ஒன்றும் கிடையாது.

1. நான் விற்றதும் விற்காமல் விட்டதும்

வளர்மதி வெளிக் கிச்சன் போட்டது ஷோக்குக்காக அல்ல. மகள் ரம்யா மசக்கையோடு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள், மூன்றாம் மாசம். வெங்காயம் தாளித்தால் வாந்தி, சோறு கொதித்தால் வாந்தி. அதனால் சமையலையே கொல்லைக்கு மாற்றிவிட்டார்கள். மேடை, ஷீட், ரெண்டு பர்னர் அடுப்பு, மேடைக்குக் கீழே சிலிண்டர்.

சாமான் வாங்க வந்த அன்றைக்கு முதலாளி என் காதில், "அந்த கவரெல்லாம் தேங்கிக் கெடக்கு, பார்த்துத் தள்ளிவிடுங்கம்மா" என்றார். நானும் தள்ளிவிட்டேன். கனமான ரெக்ஸின் கவர், மேடையிலிருந்து தரை வரைக்கும் தொங்கும், கீழே எலாஸ்டிக் வைத்தது. "உப்புக் காத்துங்க, ஆறே மாசத்துல அடுப்பு துருப் புடிச்சிடும். இதப் போட்டு இழுத்து மூடிட்டீங்கன்னா மழையும் ஏறாது, மண்ணும் ஏறாது" என்று அளந்தேன். கரண்டி மாட்ட கொக்கி ஸ்டாண்டு, கலர் பல்பு, மசாலா டப்பா ரேக் எல்லாம் வாங்கினார்.

கடைசியாக, "டியூப் புதுசு போட்டுடுங்க, உள்ள கம்பி வச்சது இருக்கு" என்றேன்.

"பழசு நல்லாத்தான் இருக்குக்கா. அதுக்கு எதுக்கு தண்டச் செலவு?"

நானும் பில் போட்டுவிட்டேன். பை நிறைந்துவிட்டது, முதலாளி முகமும் மலர்ந்துவிட்டது. கலர் பல்புக்குக் கால் மணி நேரம் பேசியவள் டியூபுக்கு ரெண்டு வார்த்தையோடு விட்டேன். நல்லா வேலை பார்த்தேன் போங்க!

2. போனில் சிரித்தது

லைட்டர் கேட்ட அன்றைக்கும் வளர்மதி பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார்.

"கை மாவா இருக்குக்கா, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். இன்னிக்கு மாப்ள வீட்டுலேர்ந்து வர்றாங்க. வடை சுடணும், பாயசம் வைக்கணும். வெளி அடுப்புல சிலிண்டரும் சுருக்கா தீர்ந்துடுது, என்னமோ போங்க. இதுல இவ வேற, கொல்லைப் பக்கம் வந்தாலே கேஸ் நாறுதுங்கிறா. இவளுக்கு என்னதான் நாறல? அவங்கப்பா சட்டை நாறுது, குழாத்தண்ணி நாறுது, நேத்து என்னையே நாறுதுன்னுட்டா!"

நான் வாய்விட்டுச் சிரித்தேன். "மசக்கைன்னா அப்படித்தாங்க" என்று போனை வைத்தேன்.

லைட்டரை எடுத்துக் காகிதத்தில் சுற்றினேன். ரப்பர் பேண்டு போடும்போதுதான் கை நின்றது. பற்ற வைத்தால் குப்பென்று வருகிறது. சிலிண்டர் சீக்கிரம் தீர்கிறது. கேஸ் நாறுகிறது. எலாஸ்டிக் வைத்து இழுத்து மூடியிருக்கிறது நான் விற்ற கவர்! கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடுதான் கிடக்கும். கீழே திறப்பு இருந்தால் கடல் காத்து அடித்துக்கொண்டு போய்விடும். அந்தத் திறப்பைத்தானே நான் அடைத்துக் கொடுத்திருக்கிறேன். டியூபோ பழசு.

திருப்பி போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன். எடுக்கவில்லை. போனை உள்ளே வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போயிருப்பார். கொல்லைக்கு எதற்குப் போயிருப்பார்? அடுப்புப் பற்ற வைக்கத்தான்.

3. போலகத்துக்கு

ஸ்கூட்டி சாவியை எடுத்தேன். முதலாளி, "வியாபார நேரத்துல எங்கம்மா கெளம்பிட்டீங்க?" என்றார்.

"நம்ம கவரு ஒரு வீட்டைக் கொளுத்தப் போவுது. நான் போறேன். நீங்க அந்த நம்பருக்கு விடாம போன் போட்டுக்கிட்டே இருங்க."

அவரிடம் அப்படி நான் பேசியதே இல்லை. அவரும் நம்பரை வாங்கிக்கொண்டார்.

அரசலாற்றுப் பாலத்தில் முன்னால் ஒரு லாரி. ஹாரனை அடித்தால் அவன் இன்னும் மெதுவாகப் போகிறான். பாவி! இந்நேரம் கவரைக் கழற்றியிருப்பாரா, தீப்பெட்டியை எடுத்திருப்பாரா? அந்தப் பெண் வயிற்றில் பிள்ளையோடு எங்கே நிற்கிறாளோ? மாரியம்மா, வடை மாவு இன்னும் அரைபட்டு முடியாமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே போனேன். இப்படி ஒரு வேண்டுதலை எந்தச் சாமியும் கேட்டிருக்காது.

போலகம் திரும்பினதும் அவர்கள் வீட்டுப் பக்கம் புகை. வண்டியை இன்னும் முறுக்கினேன். கிட்டே போனால் யாரோ தென்னை மட்டையைப் போட்டுக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள்.

வாசலில் யாரும் இல்லை. உள்ளே போன் அடித்துக்கொண்டே இருந்தது, முதலாளிதான். கொல்லையில் வளர்மதியின் குரல் கேட்டது.

"குடுடி தீப்பெட்டிய! சம்பந்தி வர்ற நேரம், வடையும் ஆகல, ஒண்ணும் ஆகல. வெளையாடுறியா?"

ரம்யா துணி துவைக்கிற கல்லுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். மூக்கைத் துப்பட்டாவால் பொத்தியிருந்தாள். மற்றக் கை தீப்பெட்டியை இறுக்கிப் பிடித்திருந்தது. "தர மாட்டேம்மா. நாத்தம் போற வரைக்கும் தர மாட்டேன்."

மேடையில் கவர் பாதி தூக்கியபடி கிடந்தது. நானே மூக்கில் உணர்ந்தேன், நல்ல நாற்றம்.

"ரெண்டு பேரும் தள்ளிப் போங்க! எந்த ஸ்விட்சையும் தொடாதீங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். ரெகுலேட்டர் திறந்தே இருந்தது. தினம் அந்த எலாஸ்டிக்கை இழுத்துக் குனிந்து மூடச் சிரமம் என்று வளர்மதி அடுப்புக் குமிழை மட்டும் மூடிவிட்டுப் போய்க்கொண்டிருந்திருக்கிறார். ரெகுலேட்டரை மூடினேன். கவரை முழுசாக உருவித் தென்னை மரத்தடியில் எறிந்தேன். காற்று வந்து அடிக்க ஆரம்பித்தது.

டியூபைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அடிப்பக்கம் எலி பல் வைத்திருந்தது, ரெண்டு இடத்தில். கவருக்குள்ளே இருட்டும் கதகதப்பும் இருந்தால் எலிக்கு என்ன கேடு? அதற்கும் நான்தான் வீடு கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

வளர்மதி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நான் மசக்கைன்னுல்ல நெனச்சேன்" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னார். அப்புறம் மகள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். மாப்பிள்ளை வீட்டாருக்கு அன்றைக்கு ஓட்டல் சாப்பாடுதான். ஏஜென்சி மெக்கானிக் வந்து பார்த்த பிறகுதான் அந்த அடுப்பு மறுபடி எரிந்தது.

4. என்ன வாங்கலாம் என்று கேட்டால்

வெளிக் கிச்சனுக்கு நான் இப்போது முதலில் எடுத்து வைப்பது உள்ளே கம்பி ஓடுகிற டியூப். அது வேண்டாம் என்றால் மற்ற எதையும் பில் போட மாட்டேன், முதலாளி முறைத்தாலும் சரி. மேடைக்குக் கீழே எலி நுழையாத கம்பி வலைக் கதவு, காற்று தாராளமாகப் போய்வர வேண்டும். கவர் என்றால் பர்னர் அளவுக்கு மட்டும், ஒரு சாண் தொங்கினால் போதும். அடுப்புக் காற்றில் அணைகிறது என்றால் மூன்று பக்கத் தகடு. கொக்கியும் பல்பும் ஆசை இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. புதுச் சாமான் கேட்டு யாராவது வந்தால், பழைய சாமானுக்கு என்ன ஆச்சு என்று கேளுங்கள். நான் அன்றைக்குக் கேட்டிருந்தால் ஸ்கூட்டியில் அப்படிப் பறந்திருக்க வேண்டியதில்லை.

கிளம்பும்போது அந்தக் கவரைச் சுருட்டி வண்டியில் வைத்தேன். ரம்யா வாசல் வரைக்கும் வந்தாள். என்னமோ காப்பாற்றிவிட்டவள் மாதிரி நான் அவள் தலையைத் தடவி, "நல்லவேளை புள்ள, தீப்பெட்டியப் புடுங்கி வச்சியே" என்றேன்.

"பத்து நாளா சொல்லிக்கிட்டே இருக்கேன்க்கா. யாரும் காதுல போட்டுக்கல" என்றாள். அப்புறம், "அம்மா ஸ்பீக்கர்லதான் போட்டிருந்தாங்க. நீங்க சிரிச்சதும் எனக்குக் கேட்டுச்சு" என்றாள்.